ஊசி போட்டால் பால் வற்றுமா?

நம்பிக்கை: தடுப்பூசி போட்டால் கறவை குறைந்துவிடும்.

உண்மை: குறையலாம், இரண்டு மூன்று நாளைக்கு. லேசான காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமும் வந்து தானே வடிந்துவிடும். கோமாரி கண்ட மாட்டைப் பார்த்தவர்கள் இதைப் பெரிதாக எண்ணமாட்டார்கள். வாயும் குளம்பும் புண்ணாகி, தீவனம் எடுக்காமல் நிற்கும். பிழைத்தாலும் அந்த ஈத்தில் பழைய கறவைக்குத் திரும்பாத மாடுகள் பல. இளங்கன்றுகள் இதயம் பாதிக்கப்பட்டுத் திடீரெனச் சாவதும் உண்டு.

நம்பிக்கை: பக்கத்து ஊரில் நோய் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: எதிர்ப்புச் சக்தி ஊறி நிலைக்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் கிருமி முந்திக்கொண்டால் ஊசிக்குப் பிறகு நோய் வெளிப்படும். ‘ஊசியால்தான் வந்தது’ என்ற பேச்சு இப்படித்தான் கிளம்புகிறது. தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் மழையை ஒட்டி வருபவை. தொண்டை அடைப்பான் ஓரிரு நாளிலேயே மாட்டைச் சாய்த்துவிடும், வைத்தியத்துக்கே நேரமிருக்காது. வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் செப்டம்பருக்குள் இவற்றுக்கான ஊசியை முடித்துவிட வேண்டும்.

நம்பிக்கை: சினை மாட்டுக்கு எந்த ஊசியும் கூடாது.

உண்மை: கோமாரி ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, சினை மாட்டுக்கும் போடலாம். நிறைசினையை மட்டும் விட்டுவைத்து, ஈன்ற பிறகு போடுவார்கள்.

நம்பிக்கை: ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும்.

உண்மை: கோமாரிக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் ஆண்டுதோறும்.

கன்றுவீச்சு நோய்க்கு ஒரே ஊசியோடு முடிந்துவிடும். நாம் அதிகம் தவறவிடுவதும் அதையே. கிடேரிக் கன்றுக்கு 4 மாதம் நிறைந்து 8 மாதம் முடிவதற்குள் போட வேண்டும். இதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. சினையான பிறகு போட்டால் அதுவே கன்று வீசச் செய்யலாம். காளைக் கன்றுகளுக்குப் போடுவதில்லை. நோய் மனிதர்களையும் பிடிக்கும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளுகிறவர்களுக்கும் காய்ச்சாத பாலைக் குடிப்பவர்களுக்கும் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி எனப் பல மாதம் நீளும். அள்ளிப்போடும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது என்பதால் இந்த ஊசியை நான் சற்று அழுத்தியே சொல்கிறேன். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதுவும் இலவசம். கிடேரி பிறந்த தேதியைத் தொழுவத்துச் சுவரிலாவது எழுதி வையுங்கள்.

நம்பிக்கை: ஊசியால் எந்த நோய்தான் ஒழிந்தது?

உண்மை: மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் இன்று உலகில் எங்கும் இல்லை. தடுப்பூசியை முதன்மைக் கருவியாக்கிப் பல ஆண்டுகள் விடாது உழைத்ததால் 2011இல் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.