விதி பிறப்பது எப்படி? – சடுகுடுக் களத்தில் ஒரு பாடம்

பொங்கல் நாட்களில் ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரிப் பக்கத்து ஊர்களில் சடுகுடு ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? அறுவடை முடிந்த செம்மண் காட்டைச் சமன் செய்து, சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டால் களம் தயார். காலைப் பிடிப்பதும், இடுப்பை வளைத்து இழுப்பதும், பலர் சேர்ந்து அமுக்குவதும் அங்கே நடக்கும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் தோளில் கைபோட்டுக்கொண்டு போவார்கள். அப்படியானால் சண்டைக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? விதிதான். அந்த விதிகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்ப்போம்.

மூச்சே கடிகாரம்

பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் பாடவேண்டும். நுரையீரலிலிருந்து காற்று வெளியேறும்போது குரல் நாண்கள் அதிர்ந்து ஒலி எழுகிறது. மூச்சை உள்ளே இழுத்தால் பாட்டு அறுந்துவிடும். ஆக, கைக்கடிகாரம் இல்லாத ஊரிலும் நேரத்தை அளக்க ஒரு கருவி கிடைத்துவிட்டது! நல்ல விதியின் முதல் இலக்கணம் இது: எல்லோரும் சரிபார்க்கக்கூடியதாக அது இருக்கவேண்டும்.

ஆனால் கூட்டம் ஆரவாரம் செய்தால் பாட்டு நடுவருக்குக் கேட்குமா? திருட்டு மூச்சு வாங்கினால் தெரியுமா? ஆகவே இன்றைய போட்டிகளில் பாட்டுடன் 30 வினாடி வரம்பும் உண்டு.

செத்தவர் பிழைப்பது ஏன்?

முற்காலத்தில் இடத்துக்கு இடம் விதி மாறுபட்டது. சஞ்சீவனி முறையில், எதிரணியில் ஒருவர் ஆட்டமிழந்தால் நம்மில் ஒருவர் ‘உயிர்பெற்று’ உள்ளே வருவார். ஜெமினி முறையில் வெளியேறியவர் வெளியேறியவரே. அமர் முறையில் எவரும் வெளியேறுவதில்லை. புள்ளி மட்டுமே கணக்கு. இரண்டு ஊர் அணிகள் மோதினால் எந்த விதிப்படி ஆடுவது? பொதுவிதி தேவைப்பட்டது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடி ஆடிக் காட்டப்பட்டது. 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாயிற்று.

இன்றைய விதியில் உயிர்பெறும் முறை நிலைத்திருக்கிறது. காரணத்தை ஊகிக்க முடிகிறதல்லவா? முதலில் ஆட்டமிழப்பவர் பெரும்பாலும் பழக்கம் குறைந்தவரே. அவர் கடைசிவரை வேடிக்கை பார்த்தால் எப்போது கற்பார்?

உடலைக் காக்கும் விதிகள்

பாடிச் செல்பவரின் கை, கால், உடற்பகுதி ஆகியவற்றைப் பிடிக்கலாம். வாயைப் பொத்துவதும், கழுத்தை நெரிப்பதும், கால்களால் கத்தரிபோல் இடுக்குவதும் குற்றம். நகத்தை வெட்டியிருக்க வேண்டும். உடம்பில் எண்ணெய் பூசக்கூடாது. எண்ணெய் உராய்வைக் குறைத்துப் பிடியை நழுவச் செய்யும்.

எடைப் பிரிவுகளுக்கும் காரணம் உண்டு. ஒரே வேகத்தில் ஓடிவரும் 40 கிலோ சிறுவனைவிட 80 கிலோ இளைஞனிடம் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் இரட்டித்தாலோ ஆற்றல் நான்கு மடங்கு! அடிபடும் எலும்புக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

விதியும் தந்திரமும்

பாடிச் செல்பவர் நடுக்கோட்டருகே நின்று பாடிவிட்டுத் திரும்பினால் ஆட்டமே இராது. அதற்காகவே ஆடவர் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ‘பால்க்’ கோடு இருக்கிறது. யாரையும் தொடாத நிலையில் அதை ஒருமுறையேனும் கடக்காமல் திரும்பினால் அவர் ஆட்டமிழப்பார். உடனே புதுத் தந்திரம் பிறந்தது: முன்னணியில் உள்ள அணி கோட்டைக் கடந்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பி நேரத்தைக் கழிக்கலாம். 2014-இல் தொடங்கிய புரோ கபடியில் இதற்கும் மாற்று உண்டு. ஓர் அணி தொடர்ந்து இருமுறை வெறுமனே திரும்பினால், மூன்றாம் முறை புள்ளி எடுத்தாகவேண்டும். இல்லையேல் பாடிச் சென்றவர் வெளியே. களத்தில் மூவரோ அதற்குக் குறைவாகவோ நின்று எதிரியை மடக்கினால் ஒரு புள்ளி கூடுதல். தளர்ந்த அணிக்கும் நம்பிக்கை வேண்டுமன்றோ?

விதியைத் திருத்த மறுத்தால் என்ன ஆகும்? அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் கும்பலாக முட்டி மோதும் ஆட்டமுறையால் மாணவர்கள் உயிரிழந்து வந்தனர். 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். 1906-இல், பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தனர். ஆட்டக்காரர்கள் பரவி நிற்க வழி பிறந்தது. ஆபத்து ஒரே நாளில் நீங்கவில்லை. மேலும் திருத்தங்கள் தேவைப்பட்டன. அறிவியலில் கருதுகோளைச் சோதிப்பது போலத்தான் இதுவும்.

நீங்களே செய்து பாருங்கள்

நண்பர்களுடன் வழக்கமான விதிப்படி 10 நிமிடம் ஆடுங்கள். வெறுங்கையுடன் திரும்பியவை எத்தனை என்று ஒருவர் குறிக்கட்டும். பிறகு புள்ளி தொடர்பான ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றி மீண்டும் 10 நிமிடம் ஆடுங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். புதிய விதியை நடுவரால் கவனிக்க முடிந்ததா, மெலிந்த பையனுக்கும் வாய்ப்புக் கிடைத்ததா என்றும் எழுதுங்கள். பாதுகாப்பு விதிகளில் மட்டும் கைவைக்க வேண்டாம். அவை யாரோ ஒருவர் அடிபட்டபின் கற்ற பாடங்கள். அதே பாடத்தை உங்கள் நண்பன் மறுபடியும் படிக்க வேண்டியதில்லை.