மனை மண் கழிவுநீரைக் குடிக்குமா?

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்ப்பதற்கு முன்னால் மண்ணைப் பார்ப்பது நல்லது. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீர் கடைசியில் மண்ணுக்குள்தான் போயாக வேண்டும்.

1. சோதனைக்கு ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த வாரம். கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் மண் சித்திரையில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும். ஊற்றிய தண்ணீர் வெடிப்பு வழியே ஓடிவிடும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நனைந்ததும் அதே மண் உப்பி அடைத்துக்கொள்ளும்.

2. உறிஞ்சுகுழி எவ்வளவு ஆழமோ அந்த ஆழத்தில்தான் சோதிக்க வேண்டும். மேலே செம்மண், நாலடிக்குக் கீழே சுக்கான் என்று இருக்கும் மனைகள் நிறைய. ஓர் இடத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள்.

3. 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் குழி போதும். கடப்பாரை பட்ட பக்கச் சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாகிவிடும். அதைக் கத்தியால் கீறி, உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, அடியில் 5 செ.மீ. பருமணல் போடுங்கள்.

4. முதல் நாள் மாலை, மணலுக்கு மேல் 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி இரவு முழுதும் ஊறவிடுங்கள். அவசரக்கார மேஸ்திரிகள் விட்டுவிடுவது இதைத்தான். ஊறாத மண்ணில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது. குழியைப் பலகையால் மூட மறக்காதீர்கள். ஆடும் குழந்தையும் வரும் இடம்.

5. மறுநாள் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். குழியின் குறுக்கே ஒரு ரீப்பர் வைத்து, அதிலிருந்து நீர்மட்டம் வரை டேப்பால் அளக்கலாம். அரை மணிக்கொரு முறை அளந்து, மறுபடி நிரப்பி, நாலு மணி நேரம் தொடருங்கள். கடைசி அரை மணிதான் கணக்கு. இரவே தண்ணீர் வற்றாமல் மிச்சம் நின்றால், 15 செ.மீ. ஆக்கி ஓர் அரை மணி அளந்தாலே போதும்.

6. 2.5 செ.மீ.யோ அதற்கு மேலோ இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். 1.25 முதல் 2.5 வரை என்றால் ஜல்லி நிரப்பிய நீளக் கால்வாய்கள் வேண்டும். அதற்கும் கீழே என்றால் மண்ணை நம்பாமல், வடிகட்டும் தொட்டிக்குப் பொறியாளரைக் கேளுங்கள்.

7. ஆற்றோர மணலில் நிமிடத்தில் வற்றினால் மகிழ வேண்டாம். வடிகட்டாத கழிவு அதே வேகத்தில் கிணற்றைத் தேடிப் போகும்.

8. குடிநீர்க் கிணறு, போர் இவற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 2470. மூன்று சென்ட் மனைக்குள் இதற்கு இடம் கிடைப்பது அரிது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் பக்கத்து வீட்டுக்காரர் போர் எங்கே போட்டிருக்கிறார் என்று எட்டிப் பாருங்கள்.

9. மழைக்காலத்தில் ஆறடிக்குள் நீர் ஊறும் மனையில் பள்ளத்தில் குழி வேண்டாம். மேடாக மண் கொட்டி அதில் கால்வாய் அமைப்பார்கள்.