மிளகோடு பப்பாளி விதை

மட்டாஞ்சேரி,
ஆடி 9.

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ கொடுத்தனுப்பின கையடக்க கேம் பெட்டியை அம்மா ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து சேர்த்தாள். மழைக்குப் பயந்து மூன்று கவருக்குள் சுற்றி, நடுவில் துண்டு வைத்து எடுத்து வந்திருந்தாள். "கையில் எடுத்ததும் என்ன தோன்றுகிறது என்று மட்டும் எழுதுங்கள் பெரியப்பா, மற்றதை அப்புறம் பேசலாம்" என்று உள்ளே சீட்டு வைத்திருந்தாய். மற்றதை, நீ இந்தப் பெட்டிகளை விற்கப் போவதை, அம்மா சொல்லிவிட்டாள். வளையலை அடகு வைக்கிற விஷயத்தையும் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இருந்தாலும் நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பெட்டி நன்றாக இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டைப் பையில் அடங்குகிறது, கையில் பொம்மை மாதிரி லேசாக இல்லாமல் கொஞ்சம் கனமாக உட்காருகிறது. இடது கட்டைவிரலுக்கு இருக்கிற அந்தக் கூட்டல்குறிப் பொத்தானை மட்டும் பத்து நிமிஷம் அழுத்திப் பார்த்தேன். நாலு திசையும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிகிறது, மூலையில் வழுக்கவில்லை. அந்தப் பொத்தானை முதலில் செய்தவர் நிண்டெண்டோவில் இருந்த குன்பே யோகோய். 1982இல் டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்காகச் செய்தார். 1989இல் வந்த கேம் பாயும் அவர் வேலைதான். கலர் இல்லாத திரை, நாலு பென்சில் பேட்டரி. கலர் திரையோடு வந்த போட்டிப் பெட்டிகள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தபோது அவருடையது மட்டும் நெடுநேரம் ஓடியது. விலை இறங்கி எல்லாருக்கும் பழகிப்போன பாகத்தை எடுத்துப் புதுவிதமாக யோசி என்பது அவர் கொள்கை. சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வளர்த்த யாருக்கும் அந்த மனிதர்மேல் மரியாதை வரும். நீ அனுப்பியதும் அந்த வழியில் வந்த பிள்ளைதான்.

திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்றரை அங்குலத்தில் 640க்கு 480 புள்ளி. நம் பழைய வீடியோ கேம் பெட்டியின் படம் 256க்கு 240. அதனால் ஒரு புள்ளி சரியாக இரண்டுக்கு இரண்டாக விரிகிறது, எழுத்து கலங்கவில்லை. இரண்டு ஓரமும் கறுப்பாக நிற்கும், அப்படியே விட்டுவிடு. இழுத்து நிரப்பினால் விளிம்பெல்லாம் மங்குகிறது. கண்புரை எடுத்த என் கண்ணுக்கே ரோட் ஃபைட்டரில் முன்னால் போகும் லாரி பளிச்சென்று தெரிந்தது.

குறை இரண்டு. மாரியோ குதிக்கும்போது விரலுக்கும் கண்ணுக்கும் நடுவே மயிரிழை தாமதம் இருக்கிறது. பழைய சிப் செய்ததை ஒவ்வொரு அடியாகப் புது சிப் நடித்துக் காட்டுகிறது, அதற்குப் பிறகு திரை ஒன்று இருக்கிறது, அதனால் கொஞ்சம் பிந்தத்தான் செய்யும். இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது, எனக்குத் தெரிகிறது. இன்னொன்று டக் ஹண்ட். பட்டியலில் பெயர் இருக்கிறது, துப்பாக்கி இல்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழலுக்குள் இருக்கிற உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். படக்குழாய் டிவி இல்லாமல் அது நடக்காது. இங்கே பொத்தானால் ஏதாவது வித்தை செய்து சுடலாமோ என்னவோ, அது டக் ஹண்ட் இல்லை. பெயர் மட்டும் இருக்கிற சரக்கு அது.

பின்பக்கத்தைக் கழற்றியும் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. சாலிடரிங் சுத்தம். பேட்டரி பிடித்திருக்கும் இடத்தில் உப்புவதற்குக்கூட இடமில்லை. நம் ஊர் உப்புக்காற்றில் சரக்கை அடுக்கி வைக்கிறவன் பாதி சார்ஜில் வைக்க வேண்டும், முழுசாக ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது.

இனி பெட்டியோடு வந்த மெமரி கார்டு. நீ பெட்டி வாங்கின கடைக்காரன் போட்டுக் கொடுத்தது. டப்பாவின் மேல் '10,000 கேம்' என்று ஸ்டிக்கர். திங்கட்கிழமை ராத்திரி உட்கார்ந்து பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனேன். காண்ட்ராவை ஏழு இடத்தில் பார்த்தேன். மாரியோவை எண்ணி முப்பதில் விட்டுவிட்டேன். சிலது திறக்கவே இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் என் முகம் சூடாகிவிட்டது. ஏன் என்று உன் அம்மாவுக்குப் புரியும். உனக்கும் புரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

1996, விஷு சமயம். அரண்மனைக்குப் பக்கத்தில் நானும் உன் அப்பாவும் சேர்ந்து நடத்தின கடை. நாலு டிவி, எட்டு ஜாய்ஸ்டிக், மணிக்கு 10 ரூபாய். சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்று வீட்டில் பெட்டி வாங்கினவர்கள் எல்லாரும் கேசட்டுக்கு அலைந்த காலம். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவனிடம் '9999 இன் 1' கேசட் 50 எடுத்தோம். பாதிக்குமேல் பத்து நாளில் போய்விட்டது. உன் அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மிளகு குடோனில் சுமட்டு வேலை பார்த்த ஒருவர் மகனுக்கு விஷு கைநீட்டமாக ஒன்று வாங்கிப் போனார். மூன்றாம் நாள் காலையில் மகனோடு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கவுண்டரில் வைத்தார். பையன் 1 முதல் 200 வரை நம்பர் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன விளையாட்டு வந்தது என்று பென்சிலால் எழுதியிருந்தான். 1 மாரியோ, 23 மாரியோ, 45 மாரியோ. பக்கம் முழுக்க அப்படித்தான். 200க்கு மேல் எழுத அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. "சேட்டா, இதெல்லாம் ஒரே களியாணல்லோ" என்றார் அவர், எல்லாம் ஒரே விளையாட்டுதானே என்று. அவ்வளவுதான் சொன்னார்.

கேசட்டைப் பிளந்து பார்த்தேன். போர்டில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு, அதற்குள் 22 விளையாட்டு. மீதி எல்லாம் மெனுவில் செய்த வேலை. அதே விளையாட்டை மூன்றாம் லெவலில் தொடங்க வைத்து ஒரு நம்பர், வானத்தின் நிறத்தை மாற்றி இன்னொரு நம்பர். நம் ஊரில் இதற்குப் பேர் உண்டு. மிளகில் காய்ந்த பப்பாளி விதை கலப்பது. உன் தாத்தா ஜூ டவுன் குடோனில் கணக்கெழுதினவர். ஒரு பிடி மிளகைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிக் காட்டுவார். கையில் அள்ளிக் காட்டின மாதிரியை நம்பித்தான் இந்த பஜாரில் மூட்டை கைமாறும், மாதிரி ஒன்று மூட்டை ஒன்று என்றால் அவன் ஜன்மத்துக்கும் இந்தத் தெருவில் தலைநிமிர முடியாது என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார்.

வாங்கின ஒவ்வொருவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வெளியூர்க்காரன் எனக்குத் திருப்பவில்லை. பெரியம்மாவின் வளையல் போனது அப்போதுதான். "ஊரெல்லாம் அப்படித்தான் விற்கிறான், நீ மட்டும் என்ன அண்ணா" என்று உன் அப்பா கேட்டான். கேட்டதோடு தோப்பும்படியில் தனிக்கடை போட்டான். ஒன்றரை வருஷம் எங்களுக்குள் பேச்சு இல்லை. பாட்டி திவசத்துக்குத்தான் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்தோம். இன்றைக்கும் அவனைக் கேட்டால் நான் செய்தது தப்பென்பான். கேட்டுக்கொள். நான் மாறமாட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அன்று நாங்கள் வாடகைக்கு விட்டதும் விற்றதும் எல்லாம் நகல்தான். அசல் கேசட்டை நான் கண்ணால் பார்த்ததே பல வருஷம் கழித்து, கல்ஃபிலிருந்து ஒருவர் கொண்டுவந்தபோது. எங்களுக்குச் சட்டம் தெரியாது, சொல்லித்தரவும் ஆளில்லை. உனக்கு அப்படி இல்லை. நீ படித்தவன், கம்பியூட்டரில் எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கிறவன். நீ எழுதின நிரலை ஒருத்தன் கார்டில் ஏற்றித் தெருவில் விற்றால் உனக்கு எப்படி இருக்கும்?

பழைய சிப்பை நடித்துக் காட்டுகிற எமுலேட்டர் குற்றமில்லை. அமெரிக்காவில் சோனி கம்பெனி கனெக்டிக்ஸ் என்ற கம்பெனிமேல் போட்ட வழக்கில் 2000இலேயே அப்பீல் கோர்ட் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பு சொல்லிவிட்டது. காலிப் பெட்டியை விற்பதும் குற்றமில்லை. கார்டில் இருக்கிற விளையாட்டுகள்தான் வினை. நம் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் முறையாக வாங்கினவன் தன் பாதுகாப்புக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள 52ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. நகலெடுத்து வியாபாரம் செய்ய இடமில்லை. 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். எமுலேட்டர் செய்தவர்களுக்கே தலைவலி உண்டு. 2024இல் யூசு என்ற எமுலேட்டரைச் செய்தவர்கள் நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். பெண்டா மேனகா கடைகளில் யாரையும் பிடிக்கவில்லையே என்று நீ சொல்வாய். 1996இலும் யாரையும் பிடிக்கவில்லை. அந்த நோட்டுப் புத்தகம் மட்டும் என் கடைக்கு வந்தது.

முடிவு உன்னுடையது. உனக்கு வயது 27, நான் குறுக்கே நிற்க மாட்டேன். இரண்டு வழியையும் அப்படியே எழுதிவைக்கிறேன், நீயே பார்த்துக்கொள். ஒன்று, நீ நினைத்திருப்பது. வேலையை விட்டுவிட்டு, அம்மாவின் வளையலை அடகு வைத்து, 200 பெட்டி இறக்கி, பத்தாயிரம் கேம் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பது. கஸ்டம்ஸில் ஒரு மாதம் நின்றால் வட்டி யார் கட்டுவது, பத்தில் ஒன்று உப்பிப்போனால் யாரிடம் மாற்றுவது, பட்டியலை எண்ணிப் பார்க்கிற ஒரு பையன் அப்பாவோடு வந்து நின்றால் என்ன சொல்வது என்றெல்லாம் நீ யோசித்திருப்பாய்.

இன்னொரு வழி. வேலையில் இருந்துகொண்டே பத்துப் பெட்டி மட்டும் வாங்கு, கார்டு இல்லாமல். கூடவே உன் சொந்த விளையாட்டு ஒன்றைச் செய்து அதில் போட்டுக் கொடு. ஜிபி ஸ்டுடியோ என்று கேம் பாய் விளையாட்டு செய்வதற்கு ஒரு கருவி 2019 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மைக்ரோ மேஜஸ் என்று அதே வருஷம் பழைய பெட்டிக்காகப் புதிதாக ஒரு விளையாட்டு வந்தது, அளவு 40 கிலோபைட். முதல் சூப்பர் மாரியோவும் அதே 40 கிலோபைட்தான். உன் 64 ஜிபி கார்டில் அதைப் பதினைந்து லட்சம் தடவை வைக்கலாம். ஒரு தடவை ஒழுங்காகச் செய்யத்தான் ஆள் வேண்டும். ஜூ டவுன் சந்து, குடோன் மாடி, படகு ஜெட்டி, மூட்டைக்குள் பப்பாளி விதை தேடுகிற கணக்குப்பிள்ளை. சின்ன வயசில் நீ கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்ததெல்லாம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்தான். வளையலை மட்டும் தொடாதே. அம்மா "பரவாயில்லை" என்றுதான் சொல்வாள். பெரியம்மாவும் அன்று அப்படித்தான் சொன்னாள்.

அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பெரியம்மா கேட்கிறாள். இருக்கலாம். உன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது சின்னவனே. ஏழு வயசில் என் பெஞ்சுக்கடியில் உட்கார்ந்து எந்த ஸ்க்ரூ எந்த டப்பாவில் என்று பிரித்துக் கொடுத்தவன் நீ. அந்தப் பொறுமை எனக்கும் இல்லை, உன் அப்பாவுக்கும் இல்லை. சரியாகச் சாப்பிடு. கடுமாங்காயும் சக்கவரட்டியும் கட்டி வைத்திருக்கிறாள். கூடவே 5,000 ரூபாய் வைத்திருக்கிறேன், அந்தப் பத்துப் பெட்டிக்கு என் பங்காக இருக்கட்டும், திருப்பி அனுப்பாதே. கடையின் முன்பாதி காலியாகத்தான் கிடக்கிறது. ஷட்டர் சாவி ஒன்று உனக்காகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். வாடகை என்ற பேச்சை எடுத்தால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். கேமும் வேண்டாம் கடையும் வேண்டாம் என்று சும்மா வந்து நாலு நாள் தூங்கினாலும் எங்களுக்குச் சந்தோஷம்.

ஓணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? பரணிலிருந்து பழைய டிவியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், படம் வருகிறது. துப்பாக்கியும் கிடைத்தது. உணரியின் வயர் அறுந்திருக்கிறது, வியாழக்கிழமைக்குள் பற்றவைத்துவிடுவேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. டக் ஹண்டில் என்னை ஜெயிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா