இடுப்பில் ஆறாத புண்

ஃபீனிக்ஸ் பேயில், படகுத் துறைக்குப் பக்கத்தில் எங்கள் படிப்பு வட்டம் கூடுகிறது. படிக்க வரும் பாட்டி ஒருவர் அன்று உட்காரவே சிரமப்பட்டார்.

"என்ன பாட்டி, இடுப்பு வலியா?"

"இல்ல கண்ணு. பாவாடை நாடா கட்டுற இடத்துல புண்ணு. ஆறு மாசமா ஆறல. மஞ்சள் அரைச்சுப் பூசுறேன்."

"டாக்டரிடம் காட்டினீங்களா?"

"இடுப்பை எப்படிக் காட்டுறது? வெட்கமா இருக்கு."

இது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. ஏன் என்று படியுங்கள்.

நாடாவைத் தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுகிறோம். அது தோலை அழுத்துகிறது, உரசுகிறது. நம் தீவில் புழுக்கம் அதிகம். வியர்வையும் அழுக்கும் அங்கே தங்கும். முதலில் அரிக்கும். பிறகு தோல் கறுக்கும், அல்லது வெளுக்கும். பலருக்கு இத்தோடு நின்றுவிடும். சிலருக்குப் புண் வரும். அது நெடுநாள் ஆறாமல் இருந்தால், மிக அரிதாகப் புற்றுநோயாக மாறலாம்.

இது ஆண்களுக்கும் வரும். 1945ஆம் ஆண்டிலேயே டாக்டர் கானோல்கர் இதைப் பற்றி எழுதினார். வேட்டி கட்டும் ஆண்களின் இடுப்பில் வந்ததால் 'வேட்டிப் புற்றுநோய்' என்று பெயர்.

2024இல் மகாராஷ்டிரம், பீகார் மருத்துவர்கள் இரண்டு முதிய பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு 18 மாதமாகப் புண். மற்றவருக்கு 2 ஆண்டாகப் புண். சோதித்தபோது இருவருக்கும் தோல் புற்றுநோய். இரண்டாமவருக்கு நோய் தொடை இடுக்கு வரை பரவியிருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

* நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள்.
* மெல்லிய கயிறு வேண்டாம். அகலமான பட்டை நல்லது.
* கட்டும் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.
* குளித்ததும் இடுப்பை ஈரம் போகத் துடையுங்கள்.
* நான்கு வாரத்தில் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாப் புண்ணும் புற்றுநோய் அல்ல. சிறு தோல் துணுக்கை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். புற்றுநோய் என்றாலும், பரவும் முன்னே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகும்.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பொம்பள டாக்டர் இருப்பாங்களா?"

"கேட்டுப் பார்க்கலாம் பாட்டி. நாளைக்கு நானும் கூட வர்றேன். ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குப் போவோம். சீட்டுல உங்க பேரை நீங்களே எழுதுங்க."

பாட்டி சிரித்தார்.

பேசுவோம்

1. பாட்டி ஏன் ஆறு மாதம் புண்ணை மறைத்தார்?
2. உங்கள் வீட்டில் யாருக்காவது ஆறாத புண் உண்டா?