மகாஸ்வேதாவைப் போல ஆக விரும்பும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. '1084இன் அம்மா' நாவலைப் படித்த இரவு தூங்கவில்லை, இனி அதை எழுதிய வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவிதான் உனக்கு எல்லாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் காலேஜை விட்டுவிட்டு மலைக்கிராமம் எதற்காவது போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அவர் வாங்கிய ஞானபீடத்தையும் மகசேசே விருதையும் எல்லோரும் சொல்வார்கள். நீ அவர் வேலை செய்த விதத்தைப் பார். முதல் புத்தகம் ஜான்சி ராணியைப் பற்றியது, 1956இல் வந்தது. கல்கத்தாவில் கிடைத்த நூல்களோடு நிறுத்திக்கொள்ளாமல் ஜான்சிப் பக்கமே போய் அலைந்து, சனங்கள் ராணியைப் பற்றிச் சொன்ன கதையையும் பாடிய பாட்டையும் சேகரித்தார். கேட்காமல் எழுதுவதில்லை என்ற பிடிவாதம் அந்த வயதிலேயே இருந்திருக்கிறது.

அவருடைய நாவல்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 'பர்த்திகா'. அவருடைய அப்பா மனீஷ் கட்டக் நடத்திய சிறுபத்திரிகை அது. 1980 முதல் பொறுப்பேற்ற மகாஸ்வேதா, அதன் பக்கங்களை விவசாயக் கூலிகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் ரிக்‌ஷாக்காரர்களுக்கும் திறந்துவிட்டார். அவரவர் கஷ்டத்தை அவரவரே எழுதினார்கள். ஒருநாள் அவர் ஏறிய ரிக்‌ஷாவை ஓட்டியவர், புத்தகத்தில் படித்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாராம். அர்த்தம் சொன்னதோடு விடாமல், 'பர்த்திகா'வுக்கு எழுதச் சொன்னார் மகாஸ்வேதா. அந்த ரிக்‌ஷாக்காரர்தான் இன்று வங்க இலக்கியத்தில் பேர் பெற்ற மனோரஞ்சன் பியாபாரி. ஏழைகளுக்காக எழுதியவர்கள் நிறைய உண்டு. ஏழைகளை எழுத வைத்தவர்கள் எத்தனை பேர்?

புருலியா மாவட்டத்துச் சபர் ஆதிவாசி மக்களோடு அவர் பல வருஷம் நின்றார். 1998இல் புதன் சபர் என்ற இளைஞர் காவலில் இறந்தபோது, சபர்களின் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போனது. சிபிஐ விசாரணைக்கும் இழப்பீட்டுக்கும் உத்தரவு வாங்கியது. சபர்கள் மேல் குற்றப் பரம்பரை முத்திரை குத்திய வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான் நம் உசிலம்பட்டிப் பக்கமும் வந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில், அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. அந்த ஊர் உன் விடுதியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். நீ இதுவரை போனதில்லை என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டிய கதை பக்கத்திலேயே இருக்கிறது; அதற்காகப் படிப்பை விடாதே. அவர்கூட ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, காலேஜில் பாடம் நடத்திக்கொண்டேதான் நாவலும் எழுதினார், ஆபீசர்களுக்கு மனுவும் எழுதினார். ரோடு இல்லை, பட்டா இல்லை, கிணறு இல்லை என்று எழுதிய அந்த மனுக்களை யாரும் இலக்கியம் என்று சொல்லப்போவதில்லை. ஆனாலும் சலிக்காமல் எழுதினார். உன் கோபம் அந்த அளவுக்குப் பொறுமையாக இருக்குமா என்று பார்த்துக்கொள்.

செமஸ்டர் லீவுக்கு இங்கே வா. கீழத்தெருவில் ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோய்விட்டது. யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நீ அவளோடு தாலுகா ஆபீசுக்குப் போ. மனு எழுதுவதற்கு முன்னால் அவள் சொல்வதை முழுசாகக் கேள். நிறையப் பேசுவாள், அவசரப்படுத்தாதே. பேங்க் பாஸ்புக், ஆதார் நகல் எல்லாம் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா