வெள்ளையடித்தால் போகுமா?

அன்புள்ள கயல்,

பீரோவை நகர்த்தியபோது பின்சுவரெங்கும் கறுப்புப் புள்ளிகள் இருந்ததையும், வீட்டுக்காரர் "பொங்கலுக்கு வெள்ளையடிச்சுத் தரேன், போயிடும்" என்றதையும் எழுதியிருந்தாய். மழை தொடங்கியதிலிருந்து தம்பிக்குச் சளியும் இளைப்பும் விடவில்லை என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டுவசதி அமைப்பின் வாடகை வீட்டில் சூடானிலிருந்து வந்த குடும்பம் இருந்தது. சுவரில் பூஞ்சை என்று அந்தக் குடும்பத்தின் அப்பா 2017-லேயே சொன்னார். பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு அவருடைய மகன் அவாப் இஷாக் பிறந்தான். 2020 டிசம்பரில், இரண்டு வயது முடிந்த சில நாட்களில், மூச்சுத்திணறி இறந்தான். வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதுவரை அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறையைக் குறைசொன்னவர்கள், அது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். இன்று அவன் பெயரிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் இப்படிப்பட்ட வீட்டுவசதி அமைப்புகள் 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க வேண்டும்.

பயந்துவிடாதே, அப்படி நேர்வது மிக அரிது. கொரோனா சமயத்தில் பேசப்பட்ட 'கருப்புப் பூஞ்சை' நோயும் இதுவல்ல. ஆனால் ஓதம் பிடித்த வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு இருமல், வீசிங், ஆஸ்துமா அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கும். நாள் முழுக்க வீட்டுக்குள், அதுவும் தரையோடு தரையாகத் தவழும்.

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. ஈரம் கிடைத்தால் ஓரிரு நாளில் முளைத்துவிடும். ஆகவே பூஞ்சையைத் தேடாதே, தண்ணீரைத் தேடு. கறை தரையிலிருந்து மேலே ஏறியிருந்தால் நிலத்து ஈரம். கூரையிலிருந்து இறங்கினால் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது, அல்லது விரிசல். குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் உள்ளே குழாய் கசியலாம். பீரோவுக்குப் பின்னால் மட்டும் என்றால், சுவரோடு ஒட்டிவைத்ததால் காற்றுப் போகவில்லை; ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் துணி காயப்போடுவதும் சேர்ந்துகொள்ளும். (உன் அம்மாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.)

கசிவை அடைக்காமல் வெள்ளையடித்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் கறை வெளியே வரும். வீட்டுக்காரருக்கு அது புரியாது என்று நான் நம்பவில்லை. வெள்ளையடிப்பது மலிவு.

துடைக்கும் வேலை பெரியவர்களுடையது. தம்பியை வேறு அறையில் விட்டு, மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கட்டும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் பறக்கும். பிளீச்சையும் டாய்லெட் ஆசிடையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும்.

துடைப்பதற்கு முன் சுவரைப் போட்டோ எடுத்துவை. ஒன்றை அப்பா வீட்டுக்காரருக்குத் தேதியோடு அனுப்பட்டும். இன்னொன்றைத் தம்பியின் டாக்டரிடம் காட்டுங்கள். அவன் படுக்கும் அறை எது என்று அவர் கேட்பார்.

அன்புடன்,
அத்தை