நின்றால் தடுமாறும் வண்டி

தூத்துக்குடியில் கடற்காற்று ஓய்வதில்லை. உப்பளங்களைக் கடந்து வரும் அக்காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருத்தலால் இரும்பு விரைவில் துருவேறும். செம்பில் பச்சைக் களிம்பு படரும். இவ்வூரில் பழைய அம்பாசிடர் வண்டியைப் பேணி வருவோர்க்கு நேரும் தொல்லையொன்றை இங்கு ஆராய்வோம். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பெற்ற அவ்வண்டி, மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியின் வழிவந்தது.

சாலையில் நன்றாக ஓடும் வண்டி, ரயில்வே கேட்டின் முன் நிற்கும்போது நடுங்குகிறது. எஞ்சினின் ஒலி ஏறியிறங்கிப் பின் அடங்கிவிடுகிறது. கேட்டுத் திறந்ததும் பின்வரும் லாரிகள் முழக்கமிட, ஓட்டுநர் செய்வதறியாது திகைக்கிறார். நின்ற நிலையில் எஞ்சின் மெல்ல ஓடுதலைப் பட்டறையில் 'ஐடிலிங்' என்பர். புதுச்சொல் புனைய எனக்கும் விருப்பமுண்டு. எனினும், தொழிலாளர் நாவில் வழங்குவதையே கொள்வோம்.

ஓடும்போது தோன்றாத குறை நிற்கும்போது தோன்றுவது ஏன்? ஒரு கரண்டி உப்பைக் குடம் நீரில் இட்டால் சுவை அவ்வளவாகத் தெரியாது. அதனையே ஒரு குவளை நீரில் இட்டால் வாயில் வைக்க முடியாது. வேகமாக ஓடும் எஞ்சின் மிகுதியான காற்றை உறிஞ்சுகிறது. ஐடிலிங்கிலோ கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால் சிறிதளவு காற்றே உட்புகும். அப்பொழுது கேஸ்கட்டின் விரிசல் வழியே திருட்டுக் காற்று நுழையின், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு கெட்டுவிடும்.

பலர் உடனே திருகாணியை முறுக்கி வேகத்தைக் கூட்டிவிடுவர். வண்டி நிற்காது; ஆனால் நோய் மறைந்ததேயன்றித் தீர்ந்ததில்லை. பெட்ரோலும் வீணாகும். முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், முதலில் பார்களை ஆய்ந்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்துகளை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது. தேர்ந்த மெக்கானிக்கும் அவ்வாறே ஆய்வை முன்னும் திருகாணியைப் பின்னும் வைப்பார்.

அவர் முதலில் மின்பொறியை நோக்குவார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உப்பீரத்தால் பூத்த பாயிண்டுகளைத் துடைத்து, 0.015 அங்குல இடைவெளி வைப்பார். பிளக்குகளுக்கு 0.025 அங்குலம். பின்னர், மின்தாக்காத பிடியுள்ள குறட்டால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எதனைக் கழற்றியும் ஒலி மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது.

அடுத்து, உறிஞ்சுகுழாயின் பொருத்துகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவுவார். ஒலி சட்டென மாறினால் காற்று அங்கேதான் நுழைகிறது. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாயின் ரப்பரையும் நோக்க வேண்டும். முதுமையில் அது வெடித்துவிடும். இச்சோதனைக்குப் பெட்ரோலைத் தடவுவோரும் உளர். சூடேறிய எஞ்சினருகே அது பேதைமை. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுவதும் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

இவற்றின் பின்னரே கார்புரேட்டரைத் தொடுதல் வேண்டும். பழைய அம்பாசிடர்களிலிருந்த எஸ்.யூ. கார்புரேட்டரில் ஒரு பிஸ்டன் காற்றுக்கேற்ப ஏறியிறங்கும். அதனை உயர்த்தி விட்டால் 'டக்' என்னும் மெல்லொலியுடன் விழ வேண்டும்; விழாவிடின் அழுக்குப் பிடித்துள்ளது எனலாம். எஞ்சின் சூடேறி ஓடுகையில் பிஸ்டனை மயிரிழையளவு உயர்த்துக. வேகம் கூடி அவ்வாறே நின்றால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் அணைந்தால் பெட்ரோல் குறைவு. சிறிதே கூடி மீண்டும் அமைந்தால் அளவு சரி. மிகுதியாயின் அடியிலுள்ள நட்டை மேனோக்கித் திருப்புக. குறைவாயின் கீழ்நோக்கித் திருப்புக. ஒரு முறைக்கு நட்டின் ஒரு முகப்பளவே திருப்ப வேண்டும். மீண்டும் பிஸ்டனை உயர்த்திப் பார்க்க வேண்டும். முன்பு விலக்கிய திருகாணிக்கு இப்பொழுதே முறை வருகிறது. அதனால் வேகத்தை அமைத்துவிட்டு, முகப்பு விளக்குகளை எரியவிட்டுச் சில நிமிடம் வண்டியை நின்றவாறே ஓடவிட்டால், பழுது நீங்கியதா என்பது தெரிந்துவிடும்.